வார்டா, தெருவா?

கடலூரில் நர்சிங் படிக்கிறவர்கள் வார்டுப் பயிற்சியையே பெரிதாக நினைக்கிறார்கள். ஊசி போடக் கை பழகுவது அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கண் திறந்தது, வீடு வீடாகப் போகும் பயிற்சியில், கடலோரத் தேவனாம்பட்டினத்து வீடுகளில்.

வார்டில் ரத்த அழுத்தம் 160/100 என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். இங்கே அதே அளவு காட்டிய பாட்டி, "மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது கண்ணு, நிறுத்திவிட்டேன்" என்றார். வாசலில் சாக்கின்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. தினமும் சோற்றுக்கு அதுதான். உப்பைக் குறையுங்கள் என்று சும்மா சொல்லிவிட்டு வர மனம் வரவில்லை. கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசச் சொன்னேன். தலைசுற்றலைச் செவிலியர் அக்காவிடம் தெரிவித்தேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை விழுங்குகிறார்களா என்பது வாசலில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.