பிரெட்டா, அகாரா, மீட்டரா? பேருந்துக் கம்பியின் நுண்ணுயிர்களை வகுப்பறையில் தேட ஏற்ற வழி

பேருந்துக் கம்பி, ஏடிஎம் பொத்தான், பள்ளித் தண்ணீர்க் குழாய் என்று பலர் கைபடும் இடங்களில் என்ன இருக்கிறது என்பதை மாணவர்களே தேடிப் பார்க்க நாலைந்து வழிகள் உண்டு. பெரும்பாலும் செலவைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறோம். நான் பார்ப்பது வேறு: கிடைத்த விடையைச் சந்தேகிக்க அந்த முறை மாணவனுக்கு இடம் தருகிறதா?

பிரெட்தான் மலிவு. துண்டைக் கம்பியில் ஒற்றி, ஜிப் கவரில் மூடி வைத்தால் சில நாளில் பச்சையும் கறுப்புமாகப் பூக்கும். 2019-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் பள்ளி ஒன்று இதைச் செய்து போட்ட படங்கள் உலகமெங்கும் பரவின. ஆனால் பிரெட்டில் நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் பூஞ்சை. பாக்டீரியா இருந்தாலும் தெரியாது. கடை பிரெட்டில் பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரோப்பியோனேட் சேர்த்திருந்தால் பூஞ்சையும் தாமதிக்கும். ஈரம் கொஞ்சம் கூடினாலே முடிவு மாறிவிடும். கைகழுவச் சொல்லும் சுவரொட்டிக்குச் சரி, ஐந்தாம் வகுப்புக்கும் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். குளத்துத் தண்ணீருக்கு அற்புதம். ஆனால் பல பாக்டீரியாக்கள் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவுதான்; கம்பியில் ஒற்றி எடுத்ததில் எது தூசி, எது உயிர் என்று அதில் பிரிக்க முடியாது.

என் வாக்கு, நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியும் திட்டுகளாக வளர இடம்தரும் ஜெல்லிப் பரப்பான அகார் தட்டுக்கு. 1881 வாக்கில் ஜெர்மனியில் காற்றின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த வால்டர் ஹெஸ்ஸேயின் ஜெலட்டின் தட்டுகள் கோடை வெயிலில் உருகி ஓடின. ஜெல்லி செய்யப் பயன்படும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவர் மனைவி ஃபேனி. ஜெர்மன் கோடைக்கே அந்தக் கதி என்றால் மதுரைக்கு ஜெலட்டின் எப்படி? அகார் 85 டிகிரியில்தான் உருகும், 40-க்குக் கீழே உறையும். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவதும் இதுதான். நோன்பு மாதத்தில் பலர் வீட்டில் கடல்பாசியாக உறைவதும் இதுதான்.

100 மில்லி சூப்புத் தண்ணீருக்கு ஒன்றரை கிராம் அகார், பிரஷர் குக்கரில் 20 நிமிடம், பிறகு தட்டுகளில் ஊற்றல். அட்டையில் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, அந்த அளவு இடத்தை மட்டும் ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்துத் தட்டில் தடவ வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு தட்டு. எதுவும் தடவாத தட்டு ஒன்று கட்டாயம். அந்த வெறுந்தட்டிலும் ஒரு திட்டு முளைத்துவிட்டால் அன்றைய வகுப்பு களைகட்டும்: காற்றிலிருந்தா, அகாரிலிருந்தா, யாராவது தும்மினார்களா? பித்தளைத் தாழ்ப்பாளையும் எவர்சில்வர் கைப்பிடியையும் ஒப்பிடச் சொல்லுங்கள்; செம்பு கலந்த உலோகம் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதைச் சோதிக்க நல்ல கேள்வி. தட்டில் வளர மறுக்கும் நுண்ணுயிர்களே உலகில் அதிகம் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அகார் நிரப்பி ஆயத்தமாகக் கிடைக்கும், பரப்பின் மேல் நேரடியாக அழுத்தி எடுக்கும் ஒற்றுத் தட்டு மேசைக்குப் பொருந்தும்; உருண்டைக் கம்பிக்குப் பொருந்தாது, விலையும் அதிகம்.

உயிர்ச் செல்களில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை அளக்கும் ஏடிபி மீட்டர் மாணவர்களை மயக்கும். மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதி ஒளிர, ஒரு நிமிடத்துக்குள் திரையில் எண் வந்துவிடும். ஆனால் உயிருள்ள செல்லின் ஏடிபிக்கும் மேசையில் சிந்திய குழம்பின் ஏடிபிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வைரஸ் அதன் கணக்கிலேயே வராது. துடைப்பதற்கு முன், பின் என்று ஒப்பிட நல்ல கருவி. நுண்ணுயிர் பற்றிய பாடம் அதில் இல்லை.

டிஎன்ஏ வரிசைப்படுத்தல் கல்லூரிக்கானது. பள்ளியில் அதன் கதையை மட்டும் சொல்லலாம்: 2015-ல் வெளியான ஆய்வின்படி, நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் எடுத்த டிஎன்ஏவில் கிட்டத்தட்டப் பாதி, அறியப்பட்ட எந்த உயிருக்கும் பொருந்தவில்லை. பிளேக், ஆந்த்ராக்ஸ் தடயம் இருப்பதாக முதலில் வெளியானதை, விமர்சனம் வந்தபின் ஆய்வாளர்களே திருத்திக்கொண்டார்கள்.

அகாரில் ஒரு சிக்கல் உண்டு. மனித உடலில் வாழும் கிருமிகள் பெருகாதிருக்க, பிரிட்டன் பள்ளிகளில் தட்டுகளை 25 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. நம் அறை வெப்பமே பல மாதங்கள் 30-ஐத் தாண்டும். அதனால் மூடியை டேப்பால் ஒட்டியபின் யாரும் திறக்கவே கூடாது. எண்ணுவதும் படம் எடுப்பதும் மூடிக்கு வெளியிலிருந்துதான். முடிந்ததும் மூடியபடியே குக்கரில் 20 நிமிடம் வைத்துவிட்டுத்தான் குப்பைக்கு. அந்தக் குக்கர் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. கழிப்பறை, மூக்கு, புண், பச்சை இறைச்சி என்று ஆசைப்படும் பையன் வகுப்புக்கு ஒருவன் இருப்பான். அவனிடம் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.