பெயர் தெரியாத பொருளை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த: பயனில் தொடங்குவதா, தோற்றத்தில் தொடங்குவதா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தரம் 9 பிள்ளையிடம் நீத்துப்பெட்டியை (பிட்டு அவிக்கும் பனையோலைப் பெட்டி) காட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பெயர் தெரியாததால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்படி நிற்காமல் பொருளை விளங்கப்படுத்தப் பழக்குவதற்குப் பெரிதாக இரண்டு வழிகள் உண்டு.

நிறம், வடிவம், பருமன், எதனால் செய்தது என்று தோற்றத்தில் தொடங்குவது இலகு. சொற்கள் ஆரம்ப வகுப்பிலேயே படித்தவை. ஆனால் “இட்ஸ் பிரவுண். இட்ஸ் மேட் ஒஃப் பல்மைரா லீவ்ஸ். இட்ஸ் லைக் எ கோன்” என்றால் கேட்பவருக்குத் தொப்பிதான் மனதில் வரும். “யூ புட் இட் ஒன் எ பொட் ஒஃப் ஹொட் வோட்டர் அன்ட் குக் பிட்டு இன் இட்” என்றால் உடனே பிடிபட்டுவிடும். ஆகவே பயனில் தொடங்குவதே எங்கள் தெரிவு.

அதற்கு இலக்கணம் கொஞ்சம் வேண்டும். ‘புல்லு வெட்டுகிற சாமான்’ என்ற தமிழ் ஒழுங்கிலேயே “கிராஸ் கட் திங்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். முதலில் “எ திங் ஃபோர் கட்டிங் கிராஸ்” என்ற ஒரே அச்சைக் கொடுங்கள். “எ திங் டு கட் கிராஸ்” என்பதையும் அதே பாடத்தில் சேர்த்தால் “ஃபோர் கட்”, “டு கட்டிங்” என்று இரண்டும் குழம்பும். ஒரு கிழமையாவது இடைவெளி விடுங்கள்.

பயன் மட்டும் போதாத இடமும் உண்டு. மண்வெட்டி, அலவாங்கு, பிக்காஸ் மூன்றுமே “ஃபோர் டிகிங்”தான். இரண்டாவது வசனமாகத் தோற்றம் வரவேண்டியது இங்கேதான்: “இட் ஹாஸ் எ வைட் பிளேட்” என்றால் மண்வெட்டி, “இட்ஸ் எ லோங் அயன் பார்” என்றால் அலவாங்கு. பாலைப்பழத்துக்கோ பயனால் ஒன்றும் ஆகாது. “ஸ்மோல், யெலோ, வெரி ஸ்வீட், இட் ஸ்டிக்ஸ் டு யுவர் லிப்ஸ்” என்று சொன்னால் வன்னியில் யாருக்கும் விளங்கும்.

முதுகுக்கு முதுகு இருந்து ஒருவர் சொல்ல மற்றவர் வரையும் பயிற்சி வடிவச் சொற்களுக்கு மட்டும் உதவும். வரையத் தெரியாத பிள்ளை அதில் தோற்றுப்போகும். அட்டையில் தடுத்திருக்கும் சொற்களைச் சொல்லாமல் பொருளை விளங்கப்படுத்தும் தடைச்சொல் அட்டை விளையாட்டு பிந்திய கட்டத்துக்கு நல்லது. அகப்பை அட்டையில் ‘ஸ்பூன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் தடுத்துத் தொடங்குங்கள். தொடக்கத்திலேயே நான்கு சொற்களைத் தடுத்தால் பிள்ளைகள் தமிழுக்கோ கைச்சைகைக்கோ தாவிவிடுவார்கள்.

எந்த வழியானாலும் பொருள் தெரிவில்தான் பாடம் தங்கியிருக்கிறது. மேசையில் உள்ள ஒன்றை ஒருவர் விளங்கப்படுத்த மற்றவர் கண்டுபிடிக்கும்போது, சுளகு, மண்வெட்டி, பூட்டு என்று சம்பந்தமில்லாதவற்றைப் பரப்பினால் ஒரு சொல்லிலேயே விடை வந்துவிடும். விளக்கத் தேவையே இராது. ஒத்த பொருள்களாக மூன்று மூன்றாக வையுங்கள்: அகப்பை, கரண்டி, மத்து ஒரு தொகுதி; கடகம், சுளகு, பெட்டி இன்னொரு தொகுதி. சொல்பவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும். கேட்பவர் விடையைத் தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் சோதிப்பது சொல்பவரின் விளக்கத்தை. ஆங்கிலப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவதைக் கடைசி 5 நிமிடத்துக்கு விடுங்கள். முன்னமே எழுதினால் பிள்ளைகள் விளக்கத்தை விட்டுப் பெயரைப் பாடமாக்கத் தொடங்கிவிடுவார்கள்.