ஒரே மழை, இரண்டு கைகள்

எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீரென்று கொட்டும் மழையை ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் மரச்செதுக்கு அச்சாகத் தந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1887இல், பாரிஸில் இருந்த டச்சு ஓவியர் வான்கோ அதையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பார்த்தார்.

மழையைக் காட்டுவதில் ஹிரோஷிகேவை அடிக்க ஆளில்லை. அச்சில் கோடு விழ வேண்டுமென்றால் பலகையில் அந்தக் கோட்டை மட்டும் மேடாக விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தை வெட்டியெடுக்க வேண்டும். மயிரிழை போன்ற அத்தனை மழைக்கோடுகளும் அப்படிப் பிறந்தவைதான். ஓவியருக்கு மட்டுமல்ல, செதுக்குநருக்கும் அச்சடித்தவருக்கும் சேர்த்தே கைதட்ட வேண்டும். உச்சியில் கருமேகம் மெல்லக் கரைந்து இறங்குவது, பலகையில் மையை ஈரத்தோடு தடவியவரின் கைவண்ணம்.

வான்கோவிடம் மழை கொஞ்சம் தடித்துத்தான் போயிற்று. ஆனால் ஆறு? அச்சில் அது அமைதியாகக் கிடக்கிறது. இங்கே தூரிகைத் தடங்கள் புரண்டு, தண்ணீர் நிஜமாகவே ஓடுகிறது. நிறங்களும் பளிச்சென்று மோதுகின்றன. சுற்றிலும் வேறு அச்சுகளிலிருந்து எடுத்த ஜப்பானிய எழுத்துகளால் ஒரு சட்டம் வேறு போட்டிருக்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை.

எதை முதலில் பார்ப்பது? அச்சைத்தான். அப்புறம் வான்கோவிடம் போனால், அவர் எங்கெல்லாம் சொல்பேச்சு கேட்கவில்லை என்பது தானே தெரியும். வான்கோவின் படம் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சின் பிரதிகள் பல நாடுகளில் உண்டு. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும் என்பதால் அடிக்கடி வெளியே வைக்கமாட்டார்கள்.