பழைய டேட்ஜஸ்ட்: மெஷின் தளரவில்லை, செயின் தளர்ந்துவிட்டது

ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16014 வாட்சை நெடுங்காலமாகக் கட்டி வருகிறேன். 36 மில்லிமீட்டர் எஃகுக் கூடு, கண்ணாடியைச் சுற்றி வெள்ளைத் தங்கத்தில் வரிவரியாகச் செதுக்கிய பெசல் என்ற வளையம், அக்ரிலிக் கண்ணாடி, உள்ளே 3035 மெஷின் என்பதெல்லாம் இந்த மாடலைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்தவையே. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, பழுதுபார்க்கப்பட்டு அண்மையில் என் கைக்குத் திரும்பிய ஜூபிலி செயினைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன். இந்த வாட்ச் எனக்குத் தந்த சுகமும் எரிச்சலும் அந்தச் செயினிலிருந்தே வந்தன.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் வந்த 3035, மணிக்கு 28,800 முறை அதிர்கிறது. முட்களை நள்ளிரவு தாண்டிச் சுற்றிக்கொண்டிராமல் சாவியை ஒரு படி இழுத்துத் தேதியை நேரடியாக மாற்றும் வசதி டேட்ஜஸ்டுக்கு இந்த மெஷினோடுதான் வந்தது. எண்ணெய் இருக்கும் வரை இதில் குறை காண இடமில்லை. எண்ணெய் வற்றத் தொடங்கினால், நேரம் பிசகுவதற்கு முன்பே, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறைந்துவிடும். கடையில் டைம்கிராஃபர் என்ற அளவுக் கருவியில் வைத்து அந்த வீச்சைப் பார்க்கும்போது, முழுச் சாவி கொடுத்த நிலையில் 270 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் கவலையில்லை, 220-க்குக் கீழே இறங்கிவிட்டால் பிரித்துக் கழுவி எண்ணெய் போடும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கண்ணாடிக் கீறல்கள் பொருட்டே அல்ல. அக்ரிலிக் என்பதால் பாலிஷ் பசை தொட்டு மெல்லத் தேய்த்தாலே போய்விடும்.

இனி செயின். 1945-இல் டேட்ஜஸ்ட் வெளிவந்தபோது அதற்கென்றே உருவாக்கப்பட்டது ஜூபிலி. ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அகலக் கண்ணிகளும் நடுவில் மூன்று சிறு கண்ணிகளுமாக ஐந்து துண்டுகள் உண்டு. மூட்டுகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் அது மணிக்கட்டின் வளைவோடு அப்படியே படிகிறது. முடியைப் பிடித்து இழுப்பதில்லை, தோலில் அழுத்துவதில்லை, அக்காலத்து நடுக் கண்ணிகள் உள்ளே கூடானவை என்பதால் கனப்பதும் இல்லை. கட்டியிருப்பதே மறந்துபோகும் இந்தச் சுகத்தை இன்றைய திடக் கண்ணிச் செயின்களில் நான் உணர்ந்ததில்லை.

ஆனால் அந்த மூட்டுகள் ஒவ்வொன்றும் தேய்வதற்கான இடமும்கூட. செயின் நீண்டுவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, எஃகு நீள்வதில்லை. சென்னை வெயிலில் வழியும் வியர்வையும் தெருப்புழுதியும் கண்ணிகளுக்கிடையே புகுந்து ஒருவகைச் சாணைப் பசையாகி, கை அசையும்போதெல்லாம் கண்ணிகளைக் கோக்கும் ஊசியையும் அது நுழையும் துளையையும் அராவுகின்றன. பழுதுபார்த்தவர் கழற்றிய ஊசி ஒன்றை லென்ஸ் வழியே எனக்குக் காட்டினார். இரு முனைகளிலும் பழைய பருமன் இருந்தது. கண்ணிகள் உரசிய இடங்களிலோ அரித்த கரும்புபோல் இடையிடையே மெலிந்திருந்தது. கண்ணியின் துளையும் வட்டம் குலைந்து நீண்டிருந்தது. ஒரு மூட்டில் மயிரிழை அளவே இருக்கும் இந்த இடைவெளி, செயின் முழுவதும் சேரும்போது ஒரு கண்ணியைக் கழற்றியும் போதாத தொளதொளப்பாகிவிடுகிறது. இதற்கு ரோலெக்ஸைக் குறை சொல்வது நியாயமாகாது. பல பத்தாண்டுகள் கையில் கிடந்து உழைத்த உலோகம் தேயத்தான் செய்யும்.

என் கோபமெல்லாம் பழுதுபார்ப்பவர்கள்மேல்தான். நான் முதலில் கொண்டுபோன இடத்தில் செயினைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "மாத்திடுங்க சார், இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு, கூட்டையும் சேர்த்துப் பாலிஷ் போட்டுப் புதிதுபோல் ஆக்கித் தருவதாக ஆசை காட்டினார்கள். பாலிஷ் என்பது உலோகத்தை அராவி எடுப்பது. செயின் மாட்டும் கொம்புகளின் விளிம்பு ஒருமுறை மழுங்கிவிட்டால் பழைய வடிவத்தை மீட்பது மிகக் கடினம். பழைய வாட்சின் மதிப்பில் பெரும்பகுதி அந்த விளிம்பில் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காமலேயே இதைச் சேவையாக நீட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேய்ந்த செயினுக்கு உண்மையிலேயே வைத்தியம் உண்டு. மூட்டுகளைப் பிரித்து, அகன்ற துளைக்குள் மெல்லிய எஃகுக் குழாயைச் செருகி, புதிய ஊசி போட்டு மீண்டும் கோக்கிறார்கள். கொக்கிப் பக்கத்துக் கண்ணிகளைத் தவிர மற்றவை கழற்றுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதால், இதைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. கூலியும் காத்திருப்பும் மெஷின் சர்வீஸை மிஞ்சிவிட்டன. திரும்பி வந்த செயின் பக்கவாட்டில் பிடித்தால் வளையாமல் நிற்கிறது, கை அசைவில் முன்பு கேட்ட சலசலப்பு இல்லை, வாட்ச் மணிக்கட்டின் வெளிப்புறம் சரிந்து சாவி மேசையில் இடிப்பதும் நின்றுவிட்டது. அதேசமயம், புதிய ஊசிகளின் இறுக்கத்தில் பழைய குழைவில் ஒரு பங்கு போய்விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படிப்பட்ட செயின் வைத்திருப்பவர்கள் அதைக் கூட்டிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு கலந்து, மென்மையான பல்துலக்கியால் உட்பக்கத்தை அடிக்கடி தேய்த்துக் கழுவுங்கள். கருத்த அழுக்கு இறங்கி நிற்கும் வரை விடாதீர்கள். கழுவியபின் ஈரமில்லாமல் உலர்த்துங்கள். எண்ணெய் மட்டும் போடாதீர்கள், அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் புகாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையங்களை நம்பி வாட்சை அப்படியே தண்ணீரில் முக்காதீர்கள். கூட்டையும் செயினையும் இணைக்கும் ஸ்பிரிங் பார்களை ஒவ்வொரு சர்வீஸின்போதும் மாற்றச் சொல்லுங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்தப் பொருள் முறிந்தால் முழு வாட்சும் தரையில்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், ஜூபிலி செயினோடு ஒரு பழைய 16014 வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அதே காலத்து டேட்ஜஸ்டை மூன்று துண்டுக் கண்ணிகள் கொண்ட ஆய்ஸ்டர் செயினோடு வாங்குங்கள், அல்லது செயின் இல்லாமல் வாங்கி 20 மில்லிமீட்டர் தோல் வார் போட்டுக்கொள்ளுங்கள். ஜூபிலிதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், மேசைமேல் தட்டையாகக் கிடத்தி எடுத்த படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். வாட்சைப் பக்கவாட்டில் பிடித்து, செயினைக் கிடைமட்டமாக நீட்டி எடுத்த படத்தைக் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் விலை பேச வேண்டியதில்லை.