எம்பி3 கோப்பை வெட்ட: ஆடாசிட்டியா, எம்பி3டைரக்ட்கட்டா?

பாட்டி பாடிய தாலாட்டுகள் இருந்த ஒரு மணி நேரக் கேசட்டை எப்போதோ கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வைத்திருந்தோம், 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்). அப்புறம் கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மிச்சம் அந்த ஒரு கோப்புதான். அதிலிருந்து ஆளுக்கொரு பாட்டாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இதற்கு எடுத்துப் பார்த்த ஒலி வெட்டும் மென்பொருள்கள்தான் ஆடாசிட்டியும் எம்பி3டைரக்ட்கட்டும். இரண்டுமே இலவசம். ஆடாசிட்டி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எம்பி3டைரக்ட்கட் விண்டோஸுக்கானது, பார்க்கவும் பழசு. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

சேமிக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். ஆடாசிட்டி கோப்பைத் திறந்ததுமே சுருக்கத்தை முழுதாக விரித்துவிடும். எம்பி3 ஆக வெளியே எடுக்கும்போது மறுபடி சுருக்கும். இரண்டு நொடி இருமலை எடுத்தாலும் மீதி 59 நிமிடமும் இன்னொரு தடவை சல்லடையில் விழும். ஒவ்வொரு சலிப்பிலும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. 320 கேபிபிஎஸ்ஸில் சேமித்தால் இழப்பு குறையும், ஆனால் நிற்காது; கோப்பும் பெரிதாகும். நான் வெட்டியதையே எடுத்து மறுபடி வெட்டி, இப்படி நாலு தடவை செய்தேன். நாலாவதில் 'ச' வரும் இடமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டது.

எம்பி3டைரக்ட்கட் இந்த வம்புக்கே போவதில்லை. எம்பி3 என்பது குட்டிக் குட்டிச் சட்டங்களின் (ஃபிரேம்) வரிசை; 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லிநொடி. வேண்டிய சட்டங்களை அப்படியே நகலெடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒலியைக் கூட்டிக் குறைப்பதும் சட்டத்துக்குள் இருக்கும் ஓர் எண்ணை மாற்றித்தான், படிக்கு 1.5 டெசிபல். சேமிப்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது.

குறையும் உண்டு. ஒரு சட்டத்துக்கான தரவில் கொஞ்சம் முந்தைய சட்டத்தில் இருக்கலாம். அதனால் ஒட்டிய இடத்தில் சில சமயம் 'டிக்' என்று கேட்கும். பாட்டி மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து வெட்டினேன், சரியாகிவிட்டது.

இரைச்சல் நீக்க ஆடாசிட்டியேதான் வேண்டும். அப்போதும் நடுவில் எம்பி3 ஆக்காமல், எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தபின் ஒரே தடவை சுருக்குங்கள். பின்னால் ஓடும் மின்விசிறியை எடுக்கப் பார்த்தேன். குரலும் கொஞ்சம் சேர்ந்து போனது. விசிறி ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

மொபைலில் பதிந்த எம்4ஏ கோப்புகளுக்கு லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன், அதுவும் நகலெடுக்கும் வகைதான். இரண்டு மூன்று கோப்பு வெட்டியதோடு சரி, அடித்துச் சொல்ல மாட்டேன்.