செடான் கேட்டால் எந்த செடான் வரும்?

சென்னை விமான நிலையத்திலிருந்து காரைக்குடிப் பக்கம் ட்ராப் டாக்ஸியில் (ஒரு வழிக்கு மட்டும் பேசும் வண்டி) போகிறவர்கள் வெறுமனே “செடான்”, அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள கார், என்று சொல்லி புக் செய்யாதீர்கள். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ட்ராவல்ஸ்காரர்களுக்கு டிசையர், எட்டியோஸ், அமேஸ், ஆரா எல்லாம் ஒரே ரேட்தான். எனக்குச் சொன்னது கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டோலும் டிரைவர் பேட்டாவும் தனி. ஆனால் நம் பெட்டிகளுக்கும், வீட்டில் இருக்கும் பெரியவர்களின் முழங்காலுக்கும் இவை ஒன்றல்ல.

டல்லாஸிலிருந்து குடும்பத்தோடு போனோம். நாலு பெரிய பெட்டி, கைப்பெட்டிகள் வேறு. இதை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருந்தேன். வந்து நின்றது ஒரு பழைய டிசையர். டிக்கியைத் திறந்தால் குறுக்கே சிஎன்ஜி கேஸ் சிலிண்டர் படுத்திருக்கிறது, மிச்ச இடத்தில் டிரைவரின் வாளி, துணிப்பை, ஸ்டெப்னி. ஒரு பெட்டியைச் செருகிப் பார்த்தார், மூடி இறங்கவில்லை. “கேரியரும் இல்ல சார், என்கிட்ட ரெண்டு பேக்னுதான் சொன்னாங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆபீஸுக்குப் போன் போட்டால், அதுவும் செடான்தானே சார் என்று பதில். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு மேலே கேரியர் வைத்த எட்டியோஸ் வந்தது. இரண்டு பெட்டி உள்ளே, இரண்டு மேலே. தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார் அந்த டிரைவர் அண்ணன். திருச்சி தாண்டியும் கட்டு அசையவில்லை.

டிசையர் ஏன் இப்படிக் குறுகிப்போனது என்பதற்கு வரிதான் காரணம். 4 மீட்டருக்குள் அடங்கிய, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு. 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி அவற்றுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40. முன்பிருந்தே உள்ள இந்த வரிச் சலுகைக்காகவே 2008இல் 4.16 மீட்டராக வந்த டிசையரை 2012இல் 3.995 மீட்டராக வெட்டினார்கள். வெட்டு விழுந்தது டிக்கியில். இப்போதைய டிசையரில் டிக்கி 382 லிட்டர். எட்டியோஸ் 4 மீட்டரைத் தாண்டிய வண்டி, அதன் டிக்கி 590 லிட்டருக்கும் மேல். என்ன பிரயோஜனம், 2020இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்று ஓடுவதெல்லாம் வயதான வண்டிகள். ஏசியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஊரில் அம்மாவை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். “இன்னோவா புடிச்சா சொகமா இருக்கும் மாப்ளே” என்றார் மச்சான். இன்னோவாவில் உட்கார்வது சுகம்தான், ஏறுவதுதான் கஷ்டம். ஒரு காலை மேலே வைத்து உடம்பைத் தூக்க அம்மாவால் முடியாது. செடானில் நேர்மாறு: உட்கார்ந்துவிடலாம், சீட் பள்ளமாக இருந்தால் எழுந்திருக்க முடியாது. வாடகைக்குப் பேசும் முன் வண்டியை வீட்டு வாசலுக்கு வரச்சொல்லி அம்மாவை உட்கார வைத்தே பார்த்தேன். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, தலை இடிக்காமல் உள்ளே போகிறதா, எழும்போது கை எதைப் பிடிக்கிறது, இவ்வளவுதான் பரீட்சை. அம்மா அமேஸைத் தேர்ந்தெடுத்தார். மைலேஜ் பற்றி மச்சான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

பின்சீட் பெல்ட்டையும் அப்போதே பாருங்கள். சட்டப்படி பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். ஆனால் வாடகை வண்டிகளில் சீட் கவர் தைக்கும்போது பக்கிளை உள்ளே தள்ளி மூடிவிடுகிறார்கள். எங்கள் டிரைவர் கவருக்கு அடியில் கையை விட்டுத் துழாவி மூன்றையும் வெளியே இழுத்தார். ஒன்றில் பழைய டோல் ரசீது சிக்கியிருந்தது.

வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, அதுவும் ஷெட்டு டு ஷெட்டு. வண்டி அவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து மீட்டர் ஓடுகிறது. அடுத்த ஊர் ட்ராவல்ஸ் ஒரு ரூபாய் குறைவு என்று போனால் அந்த ஒரு ரூபாய் வழியிலேயே கரைந்துவிடும். இதைவிட மலிவாக வெள்ளை நம்பர் போர்டு வண்டி தருகிறேன் என்று தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கைவிரிக்கும். மஞ்சள் போர்டே போதும்.

கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதில் வண்டி நம்பர் கேட்பார்கள். ஆகவே நம்பரை முன்பே வாங்கி, கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பக் கூடாது என்று பேசிவையுங்கள். மாற்றினால் பாஸ் மறுபடி எடுக்க வேண்டியதுதான். மலை ஏறுவதற்குப் பழைய டீசல் எட்டியோஸ் கிடைத்தால் விடாதீர்கள். நான்கு பேர், ஏசி, சாமான் என்று 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டியில் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் முதல் கியருக்கு இறங்கிவிடுகிறார். சிஎன்ஜியில் ஓடினால் இன்னும் திணறும்.

நாமே ஓட்ட வாடகைக்குத் தரும் வண்டிக்குக் கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். நம் அமெரிக்க லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் உதவும். டிசையர், ஆரா, ஹோண்டா சிட்டி எல்லாவற்றிலும் இண்டிகேட்டர் வலது கைப் பக்கம். திரும்பும் இடத்தில் எல்லாம் வைப்பர் ஓடும், பின்னால் வருபவர் ஹாரனை விடமாட்டார். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டிலும் இண்டிகேட்டர் இடது பக்கம், கை பழகிய இடத்திலேயே. டிக்கியும் 521 லிட்டர். வாடகை கூடுதல்தான். ஆனால் இடதுபுறம் ஓட்டுவதே புதிதாக இருக்கும் ஆரம்ப நாட்களில் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடலாம். வண்டியை எடுக்கும்போது முன் பம்பரின் அடிப்பக்கத்தை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகள் போட்ட கீறலெல்லாம் அங்கேதான் இருக்கும், டெபாசிட்டில் கைவைப்பதும் அதைக் காட்டித்தான்.