உறையாத படிவத்துக்கு திரெட்ஜாப்: பயன்படுத்தலாமா, விடலாமா?

சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க் அலுவலகங்களில் ஐடி சப்போர்ட் பார்ப்பவர்கள் பிரிண்டர் சோதிக்க, கணக்கு திறக்க என்று பவர்ஷெல்லில் (மைக்ரோசாஃப்டின் கட்டளை மொழி) பட்டன் உள்ள சின்னப் படிவங்கள் எழுதிக்கொள்வதுண்டு. பட்டனை அழுத்தியதும் படிவம் உறைந்துபோவது அவற்றின் தீராத வியாதி. திரை வரைவதும் வேலை செய்வதும் ஒரே திரெட் (நிரலுக்குள் ஓடும் ஒரு வேலை இழை) என்பதே காரணம். இதற்கு, வேலையை வேறு திரெட்டில் பின்னணியில் ஓடவிடும் திரெட்ஜாப் மாட்யூல் (கட்டளைத் தொகுப்பு) நல்ல மருந்து. ஆனால் பத்தியம் உண்டு.

பின்னணி வேலையை (ஜாப்) தொடங்கும் பழைய ஸ்டார்ட்-ஜாப் கட்டளை இதற்கு உதவாது. ஒவ்வொரு ஜாப்புக்கும் தனி பிராசஸ் (தனித்து ஓடும் நிரல்) கிளம்பும், தொடங்கவே நேரமாகும். உள்ளே அனுப்பும் லேபிளின் (படிவத்தில் எழுத்தைக் காட்டும் பகுதி) நகல்தான் போய்ச் சேரும். அதில் எழுதினால் திரையில் எதுவும் மாறாது. திரெட்ஜாப் மாட்யூலின் ஸ்டார்ட்-திரெட்ஜாப் அதே பிராசஸுக்குள் ஓடுவதால், யூசிங் என்ற முன்னொட்டு வழியே கொடுத்த பொருள் அசலாகவே கிடைக்கும்.

அசல் கையில் இருக்கிறதே என்று ஜாப்புக்குள்ளிருந்து லேபிளைத் தொடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லேபிள், பட்டன் போன்ற கன்ட்ரோலை, அதை உருவாக்கிய திரெட் மட்டுமே தொடலாம். மீறினால் சில நேரம் பிழை வரும், சில நேரம் படிவம் தொங்கும். வேலை செய்வதுபோல் தெரிந்து பிறகு கவிழ்வதுதான் மிக மோசம்.

சரியான வழி இது. சிங்க்ரனைஸ்டு ஹாஷ்டேபிள் (பல திரெட்டுகள் பத்திரமாகப் பகிரும் பட்டியல்) ஒன்றை உருவாக்குங்கள். ஜாப் அதில் சதவீதத்தையும் செய்தியையும் மட்டும் எழுதட்டும். படிவத்தில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் டைமரை 200 மில்லிசெகண்டுக்கு வையுங்கள். ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் நடக்கும் டிக் நிகழ்வு அந்த டேபிளைப் படித்து லேபிளிலும் புரோகிரஸ் பாரிலும் போடட்டும். சிஸ்டம் டைமர்ஸ் வகை டைமர் வேண்டாம், அது வேறு திரெட்டில் அடிக்கும். நிகழ்வைக் கவனிக்கும் ரெஜிஸ்டர்-ஆப்ஜெக்ட்ஈவென்ட் கட்டளையை நம்பினால், படிவத்தைத் திறக்கும் ஷோடயலாக் திரெட்டைப் பிடித்துவைத்திருப்பதால், படிவத்தை மூடிய பிறகே அதன் ஆக்‌ஷன் ஓடும்! சதவீதம் 100ஐத் தாண்டினால் புரோகிரஸ் பார் பிழை எறியும். போடும் முன் வரம்பு பாருங்கள்.

பட்டன் கிளிக்கில் ஜாப்பை வெறும் மாறியில் வைத்தால் டிக்குக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் முழுதும் தெரியும் ஸ்கிரிப்ட் ஸ்கோப்பில் வையுங்கள். ஜாப் முடிந்தாலும் தோற்றாலும் டைமரை நிறுத்தி, ரிசீவ்-ஜாப் (முடிவைப் பெற), ரிமூவ்-ஜாப் (ஜாப்பை நீக்க) இரண்டையும் செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரே நேரத்தில் 5 ஜாப்தான் இயல்பு வரம்பு. ஆறாவது வரிசையில் நிற்கும். 12 பிரிண்டரைச் சோதிக்கும்போது ஏழு ஏன் அசையவில்லை என்று குழம்ப வேண்டாம், இந்த வரம்பைக் குறிக்கும் திராட்டில்லிமிட்டை உயர்த்துங்கள். பவர்ஷெல் 7இல் மாட்யூல் கூடவே வருகிறது. விண்டோஸுடன் வரும் 5.1இல் தனியாக நிறுவ வேண்டும். அலுவலகத்தில் பவர்ஷெல் கேலரி (மாட்யூல்கள் கிடைக்கும் இணையக் களஞ்சியம்) தடைப்பட்டிருந்தால், வேறு கணினியில் சேவ்-மாட்யூல் கட்டளையால் இறக்கி ஃபோல்டரைக் கொண்டுவாருங்கள்.

நம்மவர்களுக்காகப் பட்டன்களில் தமிழ் எழுதினால், ஸ்கிரிப்டை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் எழுத்துமுறைக் குறி) உள்ள யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். இல்லையேல் 5.1 அதை ஆன்சி (பழைய எழுத்துமுறை) என்று படித்து எழுத்தைக் குதறிவிடும்.